கல்லூரி இணையதளத்தைப் புதிதாகச் செய்கிறோம்: முகப்பில் எதை வைப்பது?

நூலடுக்கு

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சிறு ஊரில், அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கல்லூரி இணையதளத்தை மாற்றியமைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கல்லூரியிலேயே கணினி முன்னால் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவள் நான்தான் என்பது முதல்வரின் கணக்கு.

இப்போதிருக்கும் தளத்தைத் திறந்தால் மேலே ஏழு படங்கள் ஒன்று மாற்றி ஒன்று ஓடும். முதல் படம் கல்லூரி முகப்பு, மிச்சமெல்லாம் விழா மேடை, எல்லாவற்றிலும் பொன்னாடை. கீழே சிவப்பு எழுத்தில் அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 'புதிது' என்று ஒரு சின்னப் படம் மின்னும். போன வருடத்து விளையாட்டு விழா இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. அப்புறம் செயலர் உரை, முதல்வர் உரை, 'எங்கள் தொலைநோக்கு'. அந்தத் தொலைநோக்குக்குக் கீழே டெம்ப்ளேட்டோடு வந்த லத்தீன் வரிகள் அப்படியே கிடக்கின்றன. அடியில் இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து அலுவலக ஃபோன் ஓயாது. "பி.காம். சி.ஏ.வுக்கு ஃபீஸ் எவ்வளவு சார்?", "லேடீஸ் ஹாஸ்டல் இருக்கா?", "அப்ளிகேஷன் என்னைக்கு வரைக்கும்?" எல்லாம் தளத்திலேயே இருக்கிறது. கட்டண விவரம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக, 'டவுன்லோட்ஸ்' மெனுவில் 'அதர்ஸ்' என்பதற்குள் இருக்கிறது. தினமும் அந்தத் தளத்தைப் பார்க்கும் நானே தேடித்தான் எடுத்தேன்.

நிர்வாகம் கேட்பது, பக்கத்து ஊர் பொறியியல் கல்லூரித் தளம் மாதிரி 'ரிச்'சாக இருக்க வேண்டும் என்பது. ஒரு வெண்டர் வந்து மாதிரி காட்டினார். கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் புல்வெளியில் துள்ளிக் குதிக்கிறார்கள். எங்கள் வளாகத்தில் புல்வெளியே கிடையாது. வேப்பமரமும் சைக்கிள் ஸ்டாண்டும்தான்.

முகப்பில் எது முதலில் வர வேண்டும்? தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா? அழகாகவும் இருக்க வேண்டும், செலவும் கட்டுப்பட வேண்டும் என்றால் எதில் காசு போடலாம்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

மாட்டுத்தாவணி

மேடம், பள்ளி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் என்று நிறுவனங்களுக்குத் தளம் செய்து கொடுப்பதுதான் மதுரையில் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்த அலுவலக ஃபோனில் இருக்கிறது. ஃபோன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, யார் என்ன கேட்டாலும் கேட்ட வார்த்தையிலேயே ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். சேர்க்கை சமயத்தில் ஒரு வாரத்து நோட்டு போதும். அதிகம் வந்த கேள்விகளை மேலிருந்து கீழாக அடுக்கினால் அதுதான் உங்கள் முகப்புப் பக்கம். வெண்டர் காட்டும் மாதிரி எல்லாம் அதற்கு அப்புறம்.

என் அனுபவத்தில் அந்தப் பட்டியலின் தலையில் எப்போதும் கட்டணம்தான் நிற்கும். உதவி பெறும் கல்லூரி என்கிறீர்கள், அப்படியானால் காலையில் எய்டட், மதியம் செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே பி.காம். இரண்டு ஷிஃப்டிலும் இருக்கும், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். இது புரியாமல்தான் பாதிப் பேர் ஃபோன் செய்கிறார்கள். ஒரே அட்டவணையாகப் போடுங்கள். இடதுபக்கம் படிப்பின் பெயர், அடுத்து ஷிஃப்ட் ஒன்று, ஷிஃப்ட் இரண்டு, எத்தனை இடங்கள், பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணமா பருவக் கட்டணமா என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். தேர்வுக் கட்டணம் தனி என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தால் அப்பா அம்மாவுக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

அட்டவணைக்கு நேர் கீழே உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குச் செயலர் உரையைவிட இந்த இரண்டு வரி பெரிது. என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கை, கட்டணம், விடுதி, உதவித்தொகை, எப்படி வருவது ஆகிய பக்கங்களைத் தமிழில் முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழாக்கினால் 'வணிகவியல் (கணினிப் பயன்பாடு)' என்றுதான் வரும். ஃபோனில் ஒருவராவது அப்படிக் கேட்கிறாரா? 'பி.காம். சி.ஏ.' என்று மக்கள் சொல்வதை முதலில் போட்டு, முழுப்பெயரைப் பக்கத்தில் வையுங்கள். கூகுளில் தேடுபவர்களும் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள். துறைப் பக்கங்கள், ஆய்வுக் கட்டுரைகள், நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. எல்லாப் பக்கத்தையும் இரு மொழியிலும் வைப்போம் என்று ஆரம்பித்த இடங்களில் ஒரு வருடத்தில் ஒரு மொழி செத்துப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அழகைப் பற்றிக் கேட்டீர்கள். காசு போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, நல்ல புகைப்படம். ஊரிலேயே கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் பையன் யாராவது இருப்பான். காலை ஏழரை மணிக்கு வரச் சொல்லுங்கள், சாய்வு வெயிலில் கட்டடம் நன்றாக வரும். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஆய்வகத்தில் பியூரெட்டைக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்க்கும் பெண், உங்கள் நூலகத்தில் தரையில் உட்கார்ந்து படிப்பவர்கள், அந்தச் சைக்கிள் ஸ்டாண்ட். முகம் தெரிகிற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கு வீட்டிலும் கேளுங்கள்.

ஓடும் படங்களை எடுத்துவிடுங்கள். ஏழு படத்தில் முதலாவதைத் தாண்டி யாரும் நிற்பதில்லை. ஆனால் ஏழும் இறங்கித்தான் ஆக வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளி. அதை அப்படியே ஏற்றியிருந்தால் ஒன்றே ஐந்தாறு எம்.பி. வரும். 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி வெப்-பி வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கே.பி.க்குப் பக்கத்தில் முடிந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பேருந்தில் உட்கார்ந்து பழைய ஆண்ட்ராய்டில் திறக்கும் பிள்ளையை மனதில் வையுங்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வெண்டரிடம் அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நிறத்தை டெம்ப்ளேட்டிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் பழைய கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்புமாக இருந்தால் அந்த அரக்குச் சிவப்பு ஒன்று, சுண்ணாம்பு வெள்ளை ஒன்று, எழுத்துக்குக் கருமை. மூன்று போதும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற, தளம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான உலகளாவிய நெறிமுறை சொல்கிறது. வெள்ளையில் அரக்கு 10ஐத் தாண்டும். இப்போது எல்லாக் கல்லூரித் தளத்திலும் பார்க்கும் ஆரஞ்சு, வெள்ளையில் பெரும்பாலும் 3ஐக்கூடத் தொடாது. மே மாத மத்தியான வெயிலில் ஃபோனைப் பிடித்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

எழுத்துருவில்தான் தமிழ்த் தளங்கள் கோட்டை விடுகின்றன. வெண்டர் ஆங்கிலத்துக்கு மட்டும் நல்ல எழுத்துரு போட்டுவிட்டுத் தமிழை அம்போ என்று விட்டுவிடுவார். அந்தந்த ஃபோனில் இருப்பது எதுவோ அது வந்து நிற்கும், ஆங்கிலம் ஒரு பருமனிலும் தமிழ் ஒரு பருமனிலும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் மூன்றும் இலவசம், மூன்றிலும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே வரையப்பட்டிருக்கின்றன. நான் பெரும்பாலும் பக்க உரைக்கு முக்த மலர், தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ். வரி இடைவெளியைக் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு 1.5 மடங்கு போதும். தமிழில் 'கீ' மேலே சுழிக்கும், 'மூ' கீழே சுழிக்கும். 1.7, 1.8 இல்லாவிட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பொத்தான்களில் 'விண்ணப்பிப்பதற்கான வழிமுறைகள்' என்று எழுதினால் சின்னத் திரையில் இரண்டாக உடையும். 'விண்ணப்பிக்க' என்று நிறுத்திக்கொள்ளலாம்.

வெண்டரைப் பற்றி ஒன்று. வேர்ட்பிரஸில் செய்து கொடுப்பார், தப்பில்லை. ஆனால் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்புக் கட்டணம்) கட்டாமல் பிளகின்களை, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்த்த நிரல்களை, இரண்டு வருடம் புதுப்பிக்காமல் விட்டால், ஒருநாள் கூகுளில் உங்கள் கல்லூரிப் பெயருக்குக் கீழே ஜப்பானிய மொழியில் கைப்பை விளம்பரம் வரும். கேலிக்குச் சொல்லவில்லை, இது வழக்கமான ஒரு ஹேக். அறிவிப்பு போடுவது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களே போதும் என்பேன். அதில் உடைத்து நுழையப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

---

கோப்புக்கட்டு

மேலே சொன்னவர் நாக் ஆவணங்களைப் போகிற போக்கில் ஒரு வரியில் தள்ளிவிட்டார். நான் ஒரு கல்லூரியில் ஐ.க்யூ.ஏ.சி., அதாவது உள் தர உறுதிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். எங்களுக்கு இணையதளம் என்பதே முக்கால்வாசி நாக் மதிப்பீட்டுக்காகத்தான். ஆண்டுதோறும் ஏ.க்யூ.ஏ.ஆர். என்ற தர அறிக்கை போட வேண்டும், கூட்டக் குறிப்புகள் போட வேண்டும், எஸ்.எஸ்.ஆர். என்ற சுய ஆய்வு அறிக்கையில் கொடுத்த ஒவ்வொரு இணைப்பையும் டிவிவி என்ற தரவு சரிபார்ப்புக் கட்டத்தில் திறந்து பார்ப்பார்கள். புதுத்தளம் போட்ட உற்சாகத்தில் பழைய முகவரிகளை எல்லாம் மாற்றிவிட்டால் சமர்ப்பித்த அறிக்கையில் இருக்கும் இணைப்புகள் அத்தனையும் 404, அதாவது பக்கமே இல்லை என்ற பிழைதான். மதிப்பெண் போய்விடும். முதல்வர் உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார், வெண்டரை அல்ல.

ராகிங் தடுப்பு எண்ணும் (1800-180-5522) புகார்க் குழு விவரமும் முகப்பிலிருந்தே கிடைக்க வேண்டும். அழகுக்காக அதையெல்லாம் உள்ளே தள்ள வேண்டாம்.

---

மாட்டுத்தாவணி

இணைப்பு விஷயத்தில் சார் சொல்வது நூற்றுக்கு நூறு. பழைய தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு எக்செல் தாளில் எடுத்து, பக்கத்திலேயே புது முகவரியை எழுதி, வெண்டரிடம் கொடுத்து, பழையதைத் திறந்தால் தானாகப் புதியதற்குக் கொண்டுபோகும் 301 திருப்பிவிடல் போடச் சொல்லுங்கள். பிடிஎஃப்களை இடம் மாற்றாமல் அதே ஃபோல்டரில் விட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

ஆனால் தளம் முக்கால்வாசி நாக் மதிப்பீட்டுக்குத்தான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சரிபார்க்கிறவர் இணைப்பைப் பிடித்து நேராக அந்த ஆவணத்துக்கு வருகிறார், முகப்பை அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 'தர உறுதி' என்று ஒரு பக்கம், வருடவாரியாக, கோப்பின் பெயரும் அளவும் போட்டு வரிசையாக. மெனுவில் ஒரு இடம், பக்கத்தின் அடியில் ஒரு இணைப்பு. முகப்பு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு.

ராகிங் எண் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும், தொட்டால் அழைப்பு போகிற மாதிரி. அதில் பேச்சே இல்லை.

---

ஆறுபுள்ளி

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் வைத்துத்தான் இந்த இழையையும் படிக்கிறேன். எம்.ஏ. சேரும்போது ஒரு கல்லூரியின் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

திறந்தவுடன் "கிராஃபிக், டி.எஸ்.சி. நான்கு ஐந்து இரண்டு ஒன்று, லிங்க். கிராஃபிக், டி.எஸ்.சி. நான்கு ஐந்து இரண்டு இரண்டு, லிங்க்." நூலடுக்கு மேடம் சொன்ன பொன்னாடைப் படங்கள் என் காதில் இப்படித்தான் விழும். மாற்று உரை, அதாவது வாசிப்பான் படத்துக்குப் பதில் படிக்கும் விளக்கம், எழுதுங்கள் என்றால் சிலர் 'படம்' என்று எழுதி வைக்கிறார்கள். 'வேதியியல் ஆய்வகத்தில் மாணவிகள்' என்று மூன்று சொல் போதும். வெறும் அலங்காரப் படம் என்றால் காலியாக விடுங்கள், வாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.

கட்டணப் பிடிஎஃப் திறந்தேன். வெற்று ஆவணம் என்றது. ஸ்கேன் செய்த தாளில் எழுத்து இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மாட்டுத்தாவணி சொன்ன மாதிரி அட்டவணையாகப் போட்டு, தலைப்பு வரிசையைத் தலைப்பு என்று குறித்துவிட்டால், "ஷிஃப்ட் இரண்டு" என்று சொல்லிவிட்டுத் தொகையைச் சொல்லும். அதைக் குறிக்காவிட்டால் எண்களை மட்டும் ஒப்பித்துக்கொண்டு போகும், எது எதற்கு என்று நான் விரல்விட்டு எண்ண வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தின் நிரலில் மொழி 'தமிழ்' என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சொல்தான் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் ஆங்கிலக் குரல் வந்து தமிழை வாசித்தால் கேட்கவே முடியாது. விண்ணப்பப் படிவத்தில் கோணல்மாணல் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா வைக்கிறார்கள். எனக்கு எல்லாம் அங்கேயே முடிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து அடித்துக்கொடுத்தான், அவன் ஆறாம் வகுப்பு.

ஓடும் எழுத்தும் அப்படித்தான். தானாக ஓடுவது ஐந்து நொடிக்கு மேல் போனால் நிறுத்த ஒரு வழி வைக்க வேண்டும் என்று அதே டபிள்யூ.சி.ஏ.ஜி.யில் இருக்கிறது. எனக்காக மட்டும் இல்லை, மெதுவாகப் படிக்கிற யாருக்கும்.

---

நூலடுக்கு

எல்லோருக்கும் நன்றி. ஆறுபுள்ளி சார் எழுதியதை அப்படியே அச்செடுத்து முதல்வர் மேசையில் வைத்துவிட்டேன். படித்துவிட்டு அந்தப் பிடிஎஃப்பை அவரே திறந்து பார்த்தார். ஓடும் எழுத்து போகிறது, கட்டண அட்டவணைக்கும் சம்மதம்.

செயலர் மட்டும் முகப்பில் தன் படம் கட்டாயம் வேண்டும் என்கிறார். இரண்டாவது சிக்கல், கல்லூரியின் பழைய ஆண்டு மலர்கள் எல்லாம் பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அதையும் தளத்தில் ஏற்ற ஆசை.

---

மாட்டுத்தாவணி

ஆண்டு மலர் சுலபம். பாமினியிலிருந்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள், இடையில் ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் அதுவும் தமிழாக மாறிக் கூத்தாக இருக்கும். வானவில் எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கைகள் இருந்தால் அவையும் இதே கேஸ்தான், கருவியில் மட்டும் வேறு குறியாக்கம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செயலர் விஷயத்தில் நேராக மோதாதீர்கள். நீங்கள் நூலகர், கல்லூரி தொடங்கிய காலத்து ஆல்பம் ஏதாவது உங்கள் அலமாரியில் இருக்கும். அடிக்கல் நாட்டு விழா, முதல் பேட்ச் குழுப்படம், ஓலைக்கொட்டகையில் வகுப்பு நடந்த படம், இப்படி ஒன்றை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, முகப்பில் கட்டண இணைப்புகளுக்குக் கீழே அகலமாக வைத்துக் காட்டுங்கள். நிறுவனர் குடும்பம் அந்தப் படத்தில் இருந்தால் வேலை முடிந்தது. தன் படத்தை 'நிர்வாகம்' பக்கத்துக்கு அவரே மாற்றச் சொல்லுவார். அப்படிச் சொல்லாவிட்டாலும் போகட்டும், அடியில் சின்னதாக வைத்துவிடுங்கள். மேலே வராமல் இருந்தால் சரி.

கேட்க மறந்தது, டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? புதுத்தளத்தில் கை வைக்கும் முன் அதைப் பாருங்கள்.

---

நூலடுக்கு

பார்த்தேன். டாட் காம்தான், பழைய வெண்டர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்து வைத்திருக்கிறார். அவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லையாம். ஃபோன் எடுக்கிறார், "பார்க்கலாம் மேடம்" என்கிறார்.

---

மாட்டுத்தாவணி

நினைத்தேன். அவர் ஃபோன் எடுக்கும்போதே காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள். முதல்வர் லெட்டர்பேடில் ஒரு கடிதம், டொமைனைக் கல்லூரியின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றித்தர வேண்டும் என்று. உங்கள் சொந்த மின்னஞ்சல் வேண்டாம், நாளைக்கு நீங்கள் ஓய்வு பெற்றால் இதே கதை திரும்ப வரும். காலாவதித் தேதியையும் அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தேதி கிட்டத்தில் இருந்தால் பணத்தை நீங்களே கட்டிவிடுங்கள், கோபத்தை அப்புறம் காட்டலாம்.

அதோடு சேர்த்து ஏ.சி. டாட் இன் முகவரிக்கு விண்ணப்பியுங்கள். அதை மத்திய அரசு அமைப்பான எர்நெட் இந்தியா மட்டும்தான் கொடுக்கிறது, கல்வி நிறுவனம் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும், தனி ஆள் தன் பெயரில் வாங்க முடியாது. கிடைத்ததும் புதுத்தளத்தை அதில் வைத்து, பழைய டாட் காமை இதற்குத் திருப்பிவிடுங்கள். கோப்புக்கட்டு சார் சொன்ன நாக் இணைப்புகள் எல்லாம் அந்தப் பழைய முகவரியில்தான் இருக்கும், அதனால் டாட் காமை விட்டுவிடாமல் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பழைய தளத்தின் கோப்புகள் முழுவதையும் இன்றைக்கே ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். சர்வர் கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும், டொமைன் கடிதத்தைக் கொடுக்கும் முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.